அம்பின் விலையும் அடுத்தவர் உரிமையும்



பழைய பொருள்களை வாங்குவோருக்கு ஒரு சோதனை உண்டு. பொருளின் மதிப்பை விற்பவர் அறியாதிருக்க, வாங்குபவர் மட்டும் அறிந்துகொள்ளும் நிலைதான் அது. அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் வசிக்கும் எங்கள் குடும்பத்துக்கு அச்சோதனை பழைய வேட்டை அம்புகளின் வடிவில் வந்தது.

இங்குக் கோடைக்காலத்தில் வீட்டு வாசலிலேயே பழைய பொருள்களைப் பரப்பி விற்பது வழக்கம். மறைந்த கணவரின் உடைமைகளை விற்றுக்கொண்டிருந்த ஒரு மூதாட்டியிடம், பன்னிரண்டு அம்புகள் கொண்ட அட்டைப்பெட்டியை அவர் சொன்ன 20 டாலருக்கே வாங்கினோம். அதன் மதிப்பு அப்போது அவருக்கும் தெரியாது, எங்களுக்கும் தெரியாது.

வீட்டுக்கு வந்து ஒவ்வோர் அம்பாக ஆராய்ந்தோம். வேட்டை அம்பை அடையாளம் காட்டுவது முதலில் அதன் முனைதான். இலக்குப் பலகையில் எய்யும் அம்புக்குச் சிறு கூம்பு முனை போதும்; வேட்டை அம்புக்கோ வெட்டும் அலகு வேண்டும். இறகற்ற அம்பால் வேட்டையாடுவது பற்றி அதீ பின் ஹாத்திம் (ரலி) அவர்கள் வினவியபோது, கூர்முனை துளைத்த பிராணியை உண்ணலாம், அம்பின் அகலப்பகுதி மோதி இறந்ததை உண்ணலாகாது என்று நபி (ஸல்) அவர்கள் விளக்கினார்கள். புகாரி, முஸ்லிம் இரண்டிலும் இது பதிவாகியுள்ளது. கூர்மையின் அவசியத்தை மார்க்கச் சட்டத்தோடு சேர்த்தே பிள்ளைகளுக்குக் கற்பிக்க அந்த முனைகள் உதவின.

எங்கள் அம்புகளின் முனைகள், மிச்சிகனின் கிரேலிங் ஊரில் ஃபிரெட் பேர் நடத்திய நிறுவனம் 1950களில் அறிமுகப்படுத்திய ‘ரேஸர்ஹெட்’ வகையைச் சேர்ந்தவை. முதன்மை அலகின் குறுக்கே செருகும் சிறிய தகடே அதன் அடையாளம். அந்தத் தகடு தொலைந்துவிட்டால் மதிப்பும் குறையும்.

அடுத்தது தண்டு. மரத்தண்டாயின் ஓரிகன் பகுதியில் வளரும் போர்ட் ஆர்ஃபோர்டு தேவதாருவா என்று பார்க்கவேண்டும்; இஞ்சியை ஒத்த அதன் மணம் துணைசெய்யும். ஜேம்ஸ் டக்ளஸ் ஈஸ்டன் 1939இல் அலுமினிய அம்புகளைச் செய்யத் தொடங்கினார். பிற்கால அலுமினியத் தண்டுகளில் நான்கிலக்க எண் இருக்கும். 2117 என்றால், தண்டின் விட்டம் ஓர் அங்குலத்தின் 64இல் 21 பங்கு. சுவரின் தடிமன் ஆயிரத்தில் 17 பங்கு. எங்களுடையவை தேவதாருத் தண்டுகள்.

பின்னர் வான்கோழி இறகுகளில் பூச்சி அரித்துள்ளதா, வண்ண வளையங்கள் எல்லா அம்புகளிலும் ஒத்திருக்கின்றனவா, தண்டு மேசைமீது உருட்டினால் ஆடாமல் உருள்கிறதா என்று நோக்கினோம். துருவைத் தேய்ப்பதும் மறுவண்ணம் பூசுவதும் பழைய பொருளின் மதிப்பைக் கெடுக்கும். பழைய மர அம்புகளை எய்து பார்ப்பதோ ஆபத்து. கண்ணுக்குப் புலப்படாத விரிசல் இருந்தால், தண்டு முறிந்து கையில் பாயக்கூடும்.

விலையை அறிய, விற்பவர்கள் கேட்கும் தொகைகளை விடுத்து, உண்மையில் விற்றுமுடிந்த தொகைகளை ஒப்பிட்டோம். பெட்டியோடு முழு டஜனாக இருப்பதால் 180 டாலர் பெறும் என்று கணித்தோம்.

அங்கேதான் மனம் உறுத்தியது. நாங்கள் ஏமாற்றவில்லை, வியாபாரம் முடிந்துவிட்டது. ஆயினும், சந்தைக்கு வரும் வணிகர்களை வழியிலேயே எதிர்கொண்டு வாங்குவதை நபி (ஸல்) அவர்கள் தடுத்ததும், அவ்வாறு விற்றவர் சந்தையை அடைந்தபின் முடிவை மாற்றிக்கொள்ள உரிமை அளித்ததும் நினைவுக்கு வந்தன. எங்கள் நிலை முற்றிலும் அதுவன்று. எனினும் சந்தை விலை அறியாதவரின் நலன் அதில் காக்கப்படுகிறது. ஜரீர் பின் அப்துல்லாஹ் (ரலி) அவர்களோ, 300க்குப் பேசிமுடித்த குதிரையின் உயர்வை உரிமையாளரிடம் தாமே எடுத்துரைத்து 800 கொடுத்தார்கள் என்று அறிவிக்கப்பட்டுள்ளது. அந்த மூதாட்டி முஸ்லிம் அல்லரே என்ற எண்ணத்துக்கும், நம்மோடு பகைமை கொள்ளாதோரிடம் நன்மையும் நீதியும் செய்வதைக் கூறும் அல்மும்தஹினா அத்தியாயத்தின் 8ஆவது வசனம் இடம் வைக்கவில்லை.

பெட்டியோடு சென்று விவரத்தைக் கூறினோம். அவர் சிறிது நேரம் பேசவில்லை. பிறகு, பேரப்பிள்ளைகளுக்கென நான்கு அம்புகளை எடுத்துக்கொண்டார். எஞ்சிய எட்டுக்கு 15 டாலர் வீதம் 120 கணக்கிட்டு, மீதி 100 டாலரைக் கொடுத்தோம். முழு டஜன் என்ற சிறப்பு கலைந்துவிட்டதால், இனி அந்த எட்டு அம்புகள் நாங்கள் கொடுத்த தொகையைக்கூடப் பெறாமல் போகலாம். அதை அறிந்தே கொடுத்தோம்.

விற்பவரும் வாங்குபவரும் உண்மை பேசி, குறைகளைத் தெளிவுபடுத்தினால் அவர்களின் வியாபாரத்தில் பரக்கத் செய்யப்படும் என்பது நபிமொழியின் கருத்து. குறையை மறைப்பது விற்பவருக்கு ஆகாதெனில், தாம் கண்டறிந்த நிறையை மறைப்பது வாங்குபவருக்கு அழகாகுமா? பொருளை மதிப்பிடும் அறிவும் அல்லாஹ் தந்த அமானிதமே. பழைய நகையோ, நூலோ, பாத்திரமோ வாங்கும் ஒவ்வொரு குடும்பமும் இதை எண்ணிப் பார்க்கலாம்.

நம் கொடுக்கல் வாங்கல்களில் அல்லாஹ் பரக்கத் செய்வானாக! ஆமீன்.