ராஜபாளையத்து ரொட்டியும் திருவில்லிபுத்தூர்ப் பாலும்

மதுரையிலிருந்து கொல்லம் செல்லும் நெடுஞ்சாலையில் பயணம் செய்வோர்க்குத் திருவில்லிபுத்தூர் வருமுன்னே அதன் கோபுரம் வந்துவிடும். 11 நிலைகள் கொண்ட அந்த ஆண்டாள் கோயில் கோபுரத்தைப் பின்னே விட்டுத் தெற்கு நோக்கி 11 கிலோமீட்டர் சென்றால் ராஜபாளையம். மேற்கே தொடர்ச்சி மலை வழியெங்கும் கூடவே வரும். முன்னது கோயிலைச் சுற்றி வளர்ந்த ஊர். பின்னது ஆலைச் சங்கைக் கேட்டு விழித்த ஊர். 1936இல் பி.ஏ.சி. ராமசாமி ராஜா அங்கு நூற்பாலை நிறுவிய பின்னர், பருத்தியே ராஜபாளையத்தின் சோறும் பேச்சும் ஆயிற்று. சென்னை மாகாணத்தின் முதலமைச்சராயிருந்த பி.எஸ். குமாரசாமி ராஜாவும் இவ்வூரார்தாம். குடியிருந்த வீட்டையே காந்தி கலை மன்றத்திற்கு அளித்துவிட்டவர்.

இவ்விரண்டு ஊர்களுக்கும் இடையே மூன்று நாட்கள் நாம் அலைய நேர்ந்தது. திருத்தலப் பயணமன்று, தின்பண்டப் பயணம். வாசகர்கள் நகைக்கலாம். நாமும் முதலில் நகைத்தோம்.

ராஜபாளையத்தில் நமக்குப் பழக்கமான ஒரு குடும்பம் உண்டு. பெரியவர் நூற்பாலையில் உழைத்து ஓய்வு பெற்றவர். அவருக்கும் அவர்தம் துணைவியாருக்கும் திருமணப் பொன்விழா. நன்றித் திருப்பலிக்குப் பின் மாலையில் வீட்டு முற்றத்தில் சிறு விருந்து; அழைக்கப்பட்டோர் அறுபது பேர். வெளிநாட்டில் வேலை பார்க்கும் பேரன் வந்திருந்தான். சாப்பாட்டுக்கு முன்னே கையில் எடுத்து உண்ணத்தக்க பண்டம் ஒன்றைத் தன் கையால் செய்து தாத்தாவுக்குப் படைக்க வேண்டுமென்பது அவன் ஆசை. அங்கே விருந்துகளில் வைப்பார்களாம்: வாட்டிய ரொட்டித் துண்டு, அதன்மேல் மெல்லியதாய் அரிந்த ஸ்டேக், அதற்கும் மேல் உருகிய சீஸ்.

"சாமி, பேரன் ஆசைப்படுகிறான், செய்யட்டும்" என்றார் பெரியவர். சற்றுப் பொறுத்து, "ஆனால் ஒன்று. வருகிறவர் யாரும் வெறுந்தட்டோடு உட்காரக்கூடாது" என்றார்.

அவர் யாரை நினைத்துச் சொன்னார் என்பது அம்மையாருக்குத் தெரியும், நமக்கும் தெரியும். அதே ஆலையில் கணக்கராயிருந்த திருவில்லிபுத்தூர் நண்பர் ஒருவர். மரக்கறி உணவினர்; ஆசாரம் மிக்கவர். ஆண்டுதோறும் கிறிஸ்து பிறப்பு விழாவுக்குப் பால்கோவாப் பொட்டலத்தோடு வந்து நிற்பார். ஆனால் இத்தனை ஆண்டுகளில் அவ்வீட்டில் ஒரு வாழைப்பழமும் ஒரு குவளை மோரும் தவிர வேறெதையும் உட்கொண்டதில்லை. இதை இரு நண்பரும் ஒருநாளும் பேசியதில்லை. பேசாத காரியங்களே முதுமையில் கனக்கின்றன போலும்.

முதற் சிக்கல் இறைச்சி. மேல்நாட்டில் ஸ்டேக் என்றால் பெரும்பாலும் மாட்டிறைச்சிதான். நம் குடும்பங்கள் பலவற்றில் அது வழக்கமான உணவே. அதில் நாணுவதற்கு ஏதுமில்லை. ஆயினும் அன்றைய விருந்தினருள் பாதிப்பேர் அதைத் தொடாதவர்கள். ஆட்டுக்கறி என்று முடிவாயிற்று. பேரனுக்கு முகம் சற்றுச் சுருங்கியது. நியாயந்தான்; ஆட்டின் சதை மெல்லிய துண்டாகச் சுடுவதற்கு எளிதில் இசையாது. முதுகெலும்பை ஒட்டி நீளவாக்கில் ஓடும் சதை ஒன்றே அதற்கு ஏற்றது. அந்த உறுப்பு ஓயாமல் ஓடியாடும் தொடையைப் போல் உழைப்பதில்லை, ஆகவே மென்மையாயிருக்கும்.

வியாழனன்று கறிக்கடைக்காரரிடம் சொல்லிவைக்கப் போனோம். "எலும்பே இல்லாமலா சாமி? அப்புறம் குழம்புக்கு ருசி ஏது?" என்று அவர் உண்மையாகவே கவலைப்பட்டார். குழம்புக்கன்று என்று விளக்கியும் அவருக்கு மனம் ஆறவில்லை. சனிக்கிழமை விடியலில் இரண்டு ஆட்டின் முதுகுச் சதையும், போதாக்குறைக்குத் தொடைச் சதையும் தருவதாக ஒப்புக்கொண்டு, எலும்பை இலவசமாகக் கட்டித் தருவேன் என்றும் சேர்த்துச் சொன்னார்.

இரண்டாம் சிக்கல் சீஸ். பேரன் வெளிநாட்டிலிருந்து ஒரு பெரிய கட்டி கொண்டுவந்திருந்தான். ஆயினும் நமக்கொரு பேராசை. பாலுக்குப் பேர்போன ஊர் பக்கத்திலிருக்க, கடல் கடந்த கட்டி எதற்கு? வெள்ளிக்கிழமை காலையில் பேருந்தேறித் திருவில்லிபுத்தூர் போனோம்.

அவ்வூர்ப் பால்கோவாவுக்கு 2019இல் புவிசார் குறியீடு கிடைத்தது. செய்முறையில் ஒளிவு மறைவில்லை. பாலும் சர்க்கரையும் மட்டுமே. 10 லிட்டர் பாலுக்கு ஏறத்தாழ ஒன்றேகால் கிலோ சர்க்கரை. விறகடுப்பின்மேல் அகன்ற இரும்புச் சட்டி. அதன்முன் நிற்பவர் நீண்ட கரண்டியால் அடிபிடிக்காமல் கிளறிக்கொண்டே இருப்பார். கை நின்றால் பால் தீய்ந்துவிடும். நீர் ஆவியாகிப் போகப் போகப் பால் சுண்டி, மணல்போல் திரளும்போது இறக்குவார்கள். சுமார் மூன்று கிலோ தேறும். அடுப்பருகே நின்று பார்த்தபோது நமக்கு ஒரு வேறுபாடு புலப்பட்டது. அதே 10 லிட்டர் பாலைச் செடார் வகைச் சீஸாக்கினால் ஒரு கிலோ அளவே கிடைக்கும். மிகுதியெல்லாம் தெளிநீராய் வடிந்துவிடும். அத்தெளிநீரோடு பாலின் இனிப்பும் பெரும்பாலும் போய்விடும். இங்கோ நீரைத் தவிர ஒன்றும் போவதில்லை. குளிர்நாட்டார் பாலை மாதக்கணக்கில் காத்துவைக்க வழி தேடினர். நம்மவர் ஒரு வாரத்துக்குள் உறவினர்க்குப் பகிர்ந்து தீர்க்க வழி கண்டனர்.

ஐந்து லிட்டர் கறந்த பால் வாங்கித் திரும்பினோம். பாலைத் திரித்து வடிகட்ட மெல்லிய துணி வேண்டுமே! அதற்கு அலைய வேண்டியதில்லை. ராஜபாளையத்தை அடுத்த சத்திரப்பட்டியில் நெய்யப்படும் மருத்துவக் காயத்துணி பெயர்பெற்றது. மேல்நாட்டில் சீஸ் வடிகட்டப் பயன்படும் துணியும் இதே இடைவெளி நெசவுதான். புண்ணுக்குக் கட்டுவதும் பாலுக்குக் கட்டுவதும் ஒரே துணி என்றபோது அம்மையார், "நல்லவேளை, புதுத்துணியாய் வாங்கினீர்களே" என்றார்.

பாலைக் கொதிக்கவைத்து எலுமிச்சைச் சாறு விட்டோம். திரிந்தது. துணியில் கட்டி, அம்மிக்கல்லைப் பாரமாக ஏற்றினோம். இரண்டு மணி நேரத்தில் ஒரு கிலோவுக்குச் சற்றுக் குறைவாக வெண்ணிறக் கட்டி. நமக்கோ பெருமை தாங்கவில்லை. அன்று வெள்ளிக்கிழமையாதலால் இறைச்சியைத் தொடாமல், ரொட்டியின்மேல் கட்டியை மட்டும் வைத்து தோசைக்கல்லில் சோதித்தோம். உருகவில்லை. இன்னும் சற்று வைத்தோம். ஓரம் சிவந்தது. மேலும் வைத்தோம். ரொட்டி கருகியதே தவிர, கட்டி வைத்த இடத்திலேயே கல்லாய் அமர்ந்திருந்தது.

காரணத்தைப் பேரன்தான் பிறகு விளக்கினான். புளிப்பினால் திரித்த பால் சூட்டுக்கு இளகாது. ரென்னெட் என்னும் உறைபொருளால் திரித்த பாலே இளகும். பாலின் புரதத்தைச் சுண்ணச்சத்து பிணைத்து வைத்திருக்கிறது. எலுமிச்சை அந்தச் சுண்ணச்சத்தைக் கரைத்து நீரோடு அனுப்பிவிடுகிறது. ரென்னெட் அதை உள்ளேயே விட்டுவைக்கிறது. குருமடத்தில் நாம் கற்ற மெய்யியலில் இது இல்லை. கட்டியை மறுநாள் காலையில் அம்மையார் பட்டாணிக் குருமாவில் போட்டார், அருமையாயிருந்தது.

ரென்னெட் என்ற சொல் நம் காதில் தைத்தது. அது எதிலிருந்து வருகிறது என்று கேட்டோம். பேரன் தயங்கினான். பால்குடி மறவாத கன்றின் வயிற்றிலிருந்து எடுப்பது பழைய வழக்கம் என்றான். நுண்ணுயிர்களின் வழியாக ஆக்கப்பட்ட உறைபொருளை அமெரிக்க அரசு 1990இல் ஏற்றுக்கொண்டபின் அவ்வழக்கம் வெகுவாகக் குறைந்தது. ஆயினும் பழைய முறையைக் கைவிடாதோர் இன்றும் உண்டு. இரவு ஒன்பது மணிக்கு விளக்கடியில் அவன் கொண்டுவந்த கட்டியின் உறையைப் புரட்டிப் படித்தோம். பொடி எழுத்தில் கன்றின் ரென்னெட் என்றே அச்சிடப்பட்டிருந்தது.

இறைச்சியில்லாத சீஸ் ரொட்டியைத் தனித்தட்டில் கணக்கர் முன் வைப்பதாகத்தான் அதுவரை எங்கள் திட்டம். உறையைப் படியாமல் விட்டிருந்தால்? அவர் அறியமாட்டார், நாமும் அறிந்திருக்கமாட்டோம். ஆனாலும் அந்த இரவு நமக்கு உறக்கம் பிடிக்கவில்லை.

சனிக்கிழமை காலையில் முதல் வேலையாகக் கடைவீதிக்குச் சென்று நம் நாட்டுச் சீஸ் வாங்கினோம். 2001 முதல் நம் நாட்டில் விற்கப்படும் மரக்கறி உணவின் உறைமேல் பச்சைச் சதுரத்துக்குள் பச்சைப் புள்ளி இருத்தல் வேண்டும் என்பது விதி. அந்தப் புள்ளியைக் கண்ணாடி போட்டுக்கொண்டு தேடிப் பார்த்தே வாங்கினோம். இது பதப்படுத்திய சீஸ். 1911இல் சுவிட்சர்லாந்தில் தோன்றிய முறை. சீஸைச் சில உப்புகளோடு சேர்த்துச் சூடாக்குவதால் எண்ணெய் பிரியாமல் வழவழவென்று உருகும். பேரனுக்கு இதன்மேல் அவ்வளவு மதிப்பில்லை. உருகுவதைக் கண்டபின் வாய் திறக்கவில்லை.

செய்முறையைக் கேட்டு எழுதும் தாய்மார்கள் உண்டாதலால் சொல்லிவிடுகிறோம். ரொட்டி முந்தின நாளையதாக இருக்கட்டும். புது ரொட்டி ஈரத்தால் துவண்டுவிடும். ஒவ்வொரு துண்டையும் நான்காக வெட்டி, வெண்ணெய் தடவி ஒரு பக்கத்தை மட்டும் முன்கூட்டியே வாட்டிக்கொள்ளுங்கள். இறைச்சியில் பச்சைப் பப்பாளி விழுது சிறிதளவு, இஞ்சி, மிளகுத்தூள் தடவி அரைமணி நேரம் வைத்தால் போதும். நாம் ஒரு பங்கை இரண்டு மணி நேரம் மறந்துவிட, அது கூழாயிற்று. பின் விழுதை வழித்து, ஈரத்தைத் துணியால் நன்றாக ஒற்றியெடுத்து உப்பிடுங்கள். ஈரமிருந்தால் வேகுமே தவிரச் சிவக்காது. இரும்புக்கல் புகையும் நிலையில் இரண்டிரண்டு துண்டாகப் போட்டுத் திருப்புங்கள். மேல்நாட்டார் உள்ளே சிவப்பாக விடுவர். நாம் முழுதும் வேகவிட்டோம். எடுத்தவுடன் வெட்டாமல் ஐந்து நிமிடம் ஆறவிட்டு, நாரின் குறுக்கே மெல்லியதாக அரிய வேண்டும். வாட்டிய பக்கத்தின்மேல் கறி, அதன்மேல் சீஸ் வைத்து, மிதமான சூட்டில் கல்லில் பரப்பி மூடியால் மூடினால் இரண்டு மூன்று நிமிடத்தில் உருகிவிடும். அடுமனை அடுப்பு தேவையில்லை.

மரக்கறித் துண்டுகளுக்குத் தனிக்கல், தனிக்கத்தி, தனி அடுப்பு. அம்மையார் அவற்றைப் பின்கட்டில் வைத்து, இறைச்சி தொட்ட ஒருவரையும் அப்பக்கம் அண்டவிடவில்லை, நம்மையும் சேர்த்துத்தான்.

மாலையில் கணக்கர் வந்தார். கையில் வழக்கமான பொட்டலம். பேரன் தனித்தட்டை நீட்டினான். அவர் வழக்கம்போல் புன்னகைத்து, "மோர் இருந்தால் போதும் தம்பி" என்றார். பெரியவர் மாமரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

நாம் உள்ளே சென்று சீஸின் காலி உறையை எடுத்துவந்து அவர் கையில் கொடுத்தோம். முந்தின இரவு நடந்ததையும், வேறு கட்டியை ஒதுக்கியதையும், பின்கட்டு அடுப்பையும் மறைக்காமல் சொன்னோம். அவர் மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு உறை முழுவதையும் படித்தார். கணக்குப் பார்த்த கண்கள் அல்லவா. பச்சைப் புள்ளியோடு விடாமல் எடை, விலை, காலாவதித் தேதி வரை சரிபார்த்தார்.

"இவ்வளவு மெனக்கெட்டீர்களா?" என்றார். பிறகு ஒரு துண்டை எடுத்து வாயிலிட்டார்.

மென்று முடிக்கும்வரை எவரும் பேசவில்லை. "உப்பு கொஞ்சம் தூக்கல்" என்றார். பெரியவர் அப்போதுதான் திரும்பினார். "ஐயா, அது என் பேரன் கைப்பக்குவம், நான் உப்பைக் குறைக்கச் சொன்னேன், கேட்கவில்லை" என்றார். குரல் சரியாக எழும்பவில்லை. கணக்கர் இரண்டாவது துண்டை எடுத்துக்கொண்டார்.

இரவு திருவில்லிபுத்தூர்ப் பேருந்தில் அவரை ஏற்றிவிட நாமும் பெரியவரும் சென்றோம். வீட்டில் காட்டவேண்டுமென்று நான்கு துண்டுகள் கேட்டு வாங்கியிருந்தார். மீதமிருந்த சத்திரப்பட்டித் துணியில் அம்மையார் சுற்றிக் கொடுத்திருந்தார். சன்னலோர இருக்கையில் அமர்ந்ததும் அதை மடிமேல் வைத்துக்கொண்டார். பேருந்து கிளம்பியது.