பொன் கிடைத்த பறம்பு

திருநெல்வேலியிலிருந்து திருச்செந்தூருக்குப் பிரயாணம் செய்கிறவர்கள் சுமார் பதினைந்து மைல் தாண்டியதும் ஆதிச்சநல்லூரில் இறங்குவது வழக்கமில்லை. முருகன் அழைக்கும்போது வெறும் மண்மேட்டைப் பார்ப்பானேன் என்பது அவர்கள் கட்சி. நாமும் பலமுறை அப்படியே கடந்து போனவர்கள்தாம். இம்முறை பஸ்ஸை விட்டு இறங்கிவிட்டோம்.

தாமிரபரணியின் இரு கரையும் அங்கே ஒரே பச்சை. நதியின் எட்டு அணைகளில் கடைசியான ஸ்ரீவைகுண்டம் அணை பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஆங்கிலேயர் கட்டியது. மற்ற ஏழும் அதற்கு முந்தியவை. வாய்க்கால் பாயும் இடமெல்லாம் நெல்லும் வாழையுமாகச் செழித்திருக்க, தென்கரையில் மட்டும் பரல்கற்கள் மண்டிய செம்மண் மேடு ஒன்று, 114 ஏக்கர் பரப்பில், ஏர் படாமல் கிடக்கிறது. நம் முன்னோர் இறந்தோரைத் தாழியில் இட்டுப் புதைக்க இந்த மேட்டைத் தேர்ந்தெடுத்தார்கள். நஞ்சையில் ஒரு முழங்கூட அதற்காகச் செலவழிக்கவில்லை. உழவர்களுக்கன்றி வேறு யாருக்கு இந்தக் கணக்குத் தோன்றும்?

தாழிகளுக்குள் நெல் உமி இருந்தது. ஆற்றுக்கு வடக்கே சிவகளையில் ஒரு தாழியில் அகப்பட்ட நெல்லின் காலம் கி.மு. 1155 என்று 2021-ல் அறிவித்தார்கள்.

நெல்லோடு பொன்னும் இருந்தது. நீள்வட்டமான மெல்லிய தகடுகள். நூல் கோத்து நெற்றியில் கட்டிக்கொள்ள இரு முனையிலும் துளைகள். இந்தச் சமவெளியில் கோலாரைப் போன்ற தங்கச் சுரங்கம் எதுவும் கிடையாது. வயலில் மிஞ்சிய நெல்லும், அந்நாளில் ஆறு கடலைச் சேர்ந்த இடத்துக் கொற்கை முத்தும் வாங்கித் தந்த பொன்னாக அது இருக்கலாம் என்பது நம்முடைய ஊகம்.

வந்த பொன் நிலைத்ததா என்றால், அதுதான் இல்லை. 1876-ல் ஜாகர் என்ற ஜெர்மானியர் தோண்டி, அகப்பட்ட பாண்டங்களையும் இரும்பு ஆயுதங்களையும் பெர்லினுக்குக் கொண்டு போனார். 1899 முதல் சில ஆண்டுகள் அலெக்ஸாண்டர் ரீ சர்க்கார் சார்பில் அகழ்ந்தார். அவர் கண்ட பொற்பட்டங்கள் சென்னை எழும்பூர்ப் பொருட்காட்சி சாலைக்குப் போயின. அதே காலத்தில் லூயி லாபிக் என்ற பிரெஞ்சுக்காரரும் வந்தார்; அவர் பங்கு பாரிஸுக்குப் போயிற்று. மூன்று நகரங்கள் பங்கிட்டுக் கொண்டன. ஊருக்கு மிஞ்சியது குழிதான்!

வாழைத்தார் ஏற்றிக்கொண்டிருந்த பெரியவர் ஒருவரிடம் இதைச் சொன்னோம். "எங்க ஊருப் பொன்னைப் பாக்க நாங்க டிக்கெட்டு எடுத்து மெட்ராஸுக்குல்லா போவணும், ஐயா. கோயில் நகையைக் கொண்டு போனா ஊரு சும்மா இருக்குமா? இது செத்தவங்க நகை, கேக்க ஆளில்லை" என்றார். பதில் சொல்ல நமக்கு வாய் வரவில்லை.

ஆனால், 2022 ஆகஸ்டில் இதே மேட்டில் மற்றொரு பொற்பட்டம் அகப்பட்டது. மூன்றரை சென்டிமீட்டர் அளவுதான். குழந்தையின் நெற்றிக்குக்கூடப் போதாது. மறு ஆண்டு ஆகஸ்டில் குழிகளின் மேல் கண்ணாடித் தளம் அமைத்து, தாழிகளை இருந்த இடத்திலேயே காட்டத் தொடங்கினார்கள்.

நாமும் அந்தக் கண்ணாடியின் மேல் செருப்பைக் கழற்றிவிட்டு நின்றோம். கழற்றும்படி யாரும் சொல்லவில்லை. காலுக்குக் கீழே வாய் திறந்த தாழிகள். வெளியே, மேட்டின் விளிம்பு முடிகிற இடத்தில், நாற்று நடுகிற பெண்களின் குரல்.