பதினெட்டு நிமிடப் பச்சை

"பெட்டியை மடியில வெச்சுக்குங்க சார், ஆட்டாதீங்க." கும்மிடிப்பூண்டி சிப்காட்டுக்குள் லாரிகளுக்கு நடுவே அவருடைய பைக் நெளிந்து போனது. பெட்டிக்குள் பவுடர் பாக்கெட்டுகள், கண்ணாடிக் குப்பிகள், அரைச் செங்கல் அளவில் ஒரு கலரிமீட்டர். இருபது வருடமாகத் தண்ணீரில் நைட்ரஜனைத் தேடுகிறவர். அம்மோனியா, நைட்ரைட், நைட்ரேட் எல்லாம் வீட்டுப் பிள்ளைகள் மாதிரி அவர் வாயில் வருகின்றன.

முதலில் ஓர் ஆலையின் ஈ.டி.பி., அதாவது கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நிலையம்; அதன் கடைசித் தொட்டி. சாம்பிள் பாட்டிலை அதே தண்ணீரில் மூன்று முறை அலசினார். ஒரு மில்லியை பிப்பெட்டில் எடுத்து, காய்ச்சி வடித்த தண்ணீர் சேர்த்து 100 மில்லி ஆக்கினார். அவருடைய மீட்டர் லிட்டருக்கு அரை மில்லிகிராம் வரைதான் படிக்கும். வெளியேற்றும் நீரில் அம்மோனியா நைட்ரஜனுக்கு அனுமதியோ லிட்டருக்கு 50 மில்லிகிராம். "இங்க ஒரு சொட்டு தப்பினா ரிப்போர்ட்ல நூறு சொட்டு தப்பும்."

முதல் பவுடர் போட்டு 3 நிமிடம். அடுத்த பவுடர் போட்டு 15 நிமிடம். மஞ்சள் மெல்லப் பச்சையானது. குப்பியைப் பழைய வேட்டித் துணியால் துடைத்துத் துடைத்து வைத்தார். விரல் ரேகைகூட வெளிச்சத்தை மறைக்குமாம். எனக்கு அந்தப் பதினைந்து நிமிடம் தாங்கவில்லை. "லேபுக்கே அனுப்பிடலாமேண்ணா?"

"அனுப்பலாம். ஐஸ் பெட்டியும் ஆசிடும் வேணும். சும்மா டிக்கியில போட்டுக்கினு போனா, உள்ளே இருக்கிற கிருமி வேலையை நிறுத்துமா? அம்மோனியா வழியிலயே நைட்ரேட்டா மாற ஆரம்பிச்சுடும்."

அடுத்து ஓர் ஊரின் போர்வெல். நைட்ரேட் பரிசோதனையில் மீட்டர் லிட்டருக்கு 12 மில்லிகிராம் காட்டியது. குடிநீர்த் தரம் 45 என்பது எனக்குத் தெரியும். "தாராளமா உள்ளதானே இருக்கு" என்றேன், கெட்டிக்காரத்தனமாக. சிரித்தார். மீட்டர் சொல்வது நைட்ரஜனை மட்டும். 45 என்பது முழு நைட்ரேட்டுக்கு. 12ஐ 4.43ஆல் பெருக்கினால் 53. இந்தக் குழப்பத்தோடு எத்தனை ரிப்போர்ட்டுகளைப் புரட்டியிருப்பேனோ! உரமும் செப்டிக் டேங்கும் மண்ணுக்குள் இறக்கிவிட்ட சரக்கு இந்த நைட்ரேட். தண்ணீரைக் கொதிக்க வைத்தாலும் போகாது, சுண்டச் சுண்ட இன்னும் கூடும். கைக்குழந்தையின் ரத்தம் ஆக்சிஜனைச் சுமக்க முடியாமல் உடம்பு நீலம் பாரிப்பதைக் கிணற்று நைட்ரேட்டோடு இணைத்து 1945இல் எழுதியவர் அமெரிக்காவின் அயோவாவில் இருந்த காம்லி என்ற மருத்துவர். குழாயடியில் நின்ற பெண்ணிடம் இவர் அதையெல்லாம் சொல்லவில்லை. "வீட்ல கைக்கொழந்த இருந்தா இந்தத் தண்ணில பால் பவுடர் கலக்காதம்மா" என்றார், அவ்வளவுதான்.

பழவேற்காடு ஏரிப் பக்கம் இறால் குளத்துக்குப் போய்ச் சேரும்போது மணி மூன்று. வேண்டுமென்றே அந்த நேரம். பகலெல்லாம் பாசி கரியமில வாயுவை இழுத்துக்கொள்வதால் பிற்பகலில் குளத்தின் பி.எச். ஏறி நிற்கும். பி.எச். 7இல் மொத்த அம்மோனியாவில் நூற்றில் ஒரு பங்குகூட விஷமில்லை. 9இல், 30 டிகிரி சூட்டில், கிட்டத்தட்ட பாதி விஷம். மீட்டரை வைத்தார்: 8.9. மறுபடி பவுடர், மறுபடி காத்திருப்பு. குளத்துக்காரர் எங்களைப் பார்க்காமல் குப்பியையே பார்த்துக்கொண்டிருந்தார். பச்சை நன்றாகவே ஏறியது.

"ராத்திரி தீவனத்தை நிறுத்திடு தம்பி. ஏரேட்டரை இப்பவே போடு."

பச்சைத் தண்ணீரைக் கரையில் கொட்டாமல் பெட்டியோரம் இருந்த கேனில் ஊற்றி மூடினார். கேன் பாதிக்கு மேல் நிரம்பியிருந்தது.