செல்லிப்பட்டில் ஒரு கேள்வி

புதுச்சேரிக்குப் போய் வந்தேன் என்று சொன்னால், "கடற்கரையில் காற்று வாங்கினீர்களா? ஆசிரமம் பார்த்தீர்களா?" என்றுதான் எல்லாரும் கேட்கிறார்கள். "செல்லிப்பட்டு பார்த்தீர்களா?" என்று இதுவரை ஒருவரும் கேட்டதில்லை. நான் பார்த்தேன். அதுவும் வரன் தேடுவது போன்ற ஒரு சிக்கலைக் கையில் வைத்துக்கொண்டு பார்த்தேன்!

விஷயம் இதுதான். என் அண்ணன் மகள் எம்.எஸ்ஸி. முடித்துவிட்டு, ஆராய்ச்சி செய்தே தீருவேன் என்று பிடிவாதமாக இருந்தாள். நிலத்தடி நீர் அவள் பாடம். இரண்டு சர்வகலாசாலைகளில் இடம் கிடைத்திருந்தது. ஒன்று தூர தேசத்தில். பெயரைக் கேட்டாலே எதிர் வீட்டார் எழுந்து நிற்பார்கள். மற்றது பக்கத்தில், பெயரைச் சொன்னால், "அப்படியா?" என்று காப்பியைக் குடிக்கப் போய்விடுவார்கள். பதில் எழுதப் பதினைந்து நாள்தான் தவணை. "தர வரிசையைப் பார், முடிந்தது" என்றார் அண்ணா. "கண்ணுக்கு எதிரே இருந்தால் போதும்" என்றாள் அண்ணி. பெண்ணோ, "அத்தை, செல்லிப்பட்டுக்கு என்னோடு வருகிறாயா?" என்றாள்.

2022-ம் வருஷம் பங்குனி மாதம் அது. வில்லியனூர் வரை பஸ். திருக்காமீசுவரரைத் தரிசித்துவிட்டு, ஓர் ஆட்டோ பிடித்தோம். வழியெல்லாம் கரும்பும் நெல்லுமாகப் பச்சை. அந்தப் பச்சையின் நடுவே சங்கராபரணி ஆறு. செஞ்சி மலைப் பக்கம் பிறந்து, வீடூர் அணையைத் தாண்டி, தமிழ்நாட்டு எல்லையைக் கடந்து புதுச்சேரிக்குள் வருகிற ஆறு. செல்லிப்பட்டுக்கும் எதிர்க்கரைப் பிள்ளையார்குப்பத்துக்கும் நடுவே பிரெஞ்சுக்காரர் காலத்துப் படுகை அணை ஒன்று நூறு வருஷங்களுக்கு மேலாக நின்றது. 2021 நவம்பர் வெள்ளத்தில் அது உடைந்துபோயிற்று.

சிதறிக் கிடந்த கற்களைப் பார்த்தபடி கரையில் நின்றோம். மாடு ஓட்டிக்கொண்டு வந்த ஒரு பாட்டி நின்று எங்களை விசாரித்தாள். சொன்னோம்.

"தண்ணியைப் பத்திப் படிக்கிறியா கண்ணு? இந்த அணை தண்ணியைத் தேக்கினா, சுத்துப்பட்டுக் கிணறெல்லாம் ஊறும். இனிமே ஊறுமா? எத்தினி நாளைக்கு ஊறும்? நீ படிக்கிற படிப்பு இதுக்கு ஆவுமா?"

என் மருமகள் வாயடைத்துப் போனாள். பாட்டி மாட்டை ஓட்டிக்கொண்டு போய்விட்டாள். கேள்வி மட்டும் எங்களோடு நின்றது.

ஊருக்குள் நடந்தபோது அவள் சொன்னாள்: "அத்தை, பாட்டி கேட்டது ஒரு கேள்வி போல இருக்கிறது. ஆனால் உள்ளே ஏழெட்டு இருக்கிறது. மண்ணுக்கு அடியில் என்ன பாறை? அது பூகர்ப்பம். ஆற்றில் எவ்வளவு தண்ணீர் வரும்? அது கணக்கு. எத்தனை போர் போட்டு இறைக்கிறார்கள்? அது பொருளாதாரம். மேலே ஒரு ராஜ்யம், கீழே ஒரு ராஜ்யம், அது சட்டம். யாருடைய கிணறு முதலில் வற்றும்? அது சமூகம். நான் ஒரு டிபார்ட்மெண்டில் உட்கார்ந்து ஒன்றைப் படித்தால், பாட்டிக்கு எப்படிப் பதில் சொல்வேன்?"

எனக்குச் சுருக்கென்றது. சர்வகலாசாலை என்று பெயர் வைத்தார்களே, சர்வ கலைகளும் ஒரே கூரையின் கீழ் இருப்பதால்தானே? கூரை ஒன்றுதான், ஆனால் அடுத்த அறைக்காரர் என்ன படிக்கிறார் என்று கேட்காமலே ஆயுளைக் கழிப்பவர்கள் எத்தனை பேர்!

இந்த வட்டாரத்துக்கு அப்படி ஓர் ஆசை புதிதல்ல. மறுநாள் பாகூர் போனோம். பல்லவ மன்னன் நிருபதுங்கவர்மன் காலத்தில், 9-ம் நூற்றாண்டில், அங்கே ஒரு வித்யாஸ்தானம் இருந்தது. அதற்கு மூன்று கிராமங்களைத் தானம் செய்த செய்தியைப் பாகூர்ச் செப்பேடுகள் சொல்கின்றன. பதினான்கு வித்தைகள் பயின்ற இடம் அது என்று அறிஞர்கள் பொருள் சொல்கிறார்கள். ஊர்கள் விளைத்த நெல்லில் பள்ளி நடந்தது!

நம் காலத்துக் கதையும் உண்டு. புதுச்சேரிப் பக்கத்துக் கீழூரை இந்தியாவோடு இணைவதற்கு 1954-ல் வாக்கெடுத்த ஊர் என்று அறிவீர்கள். 178 பேரில் 170 பேர் இணைய வேண்டும் என்றார்கள். அதே கீழூர் முதலான கிராமங்களில்தான் எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் 1991-ல் உயிரிக் கிராமத் திட்டத்தைத் தொடங்கியது. காளான் வளர்ப்பு, மீன் வளர்ப்பு என்று நிலமில்லாத பெண்களுக்கும் வருமானம் தேடிய திட்டம். 1998-ல் வில்லியனூரை மையமாக வைத்துத் தகவல் கிராமத் திட்டம் வந்தது. வீராம்பட்டினத்துச் செம்படவர்களுக்கு அலையின் உயரத்தை ஒலிபெருக்கியில் அறிவித்தார்கள். கடல் சாஸ்திரம், கம்ப்யூட்டர், தமிழ்ப் பேச்சு மூன்றும் சேர்ந்தால்தானே அந்த ஒரு வரி அறிவிப்பு! 2004 டிசம்பர் 26 அன்று, சிங்கப்பூரில் இருந்த நல்லவாடு இளைஞர் ஒருவர் ஊருக்குப் போன் செய்தார். அந்த ஊர் மையத்து ஒலிபெருக்கி அலறியது. ஜனங்கள் ஓடித் தப்பினார்கள்.

திரும்பும் வழியில் புதுச்சேரியில் பிரெஞ்சு ஆராய்ச்சி நிலையத்தின் வெளியே நின்றோம். 1955-ல் தொடங்கியது. ஓலைச்சுவடி படிக்கிறவரும் காட்டு மரம் எண்ணுகிறவரும் ஒரே வாசலில் நுழைகிறார்கள். காலாப்பட்டில் 1985-ல் தோன்றிய புதுச்சேரிப் பல்கலைக்கழகம் இருக்கிறது. "அத்தை, பெரிய பெயர் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. எந்த இடத்தில் பாட்டியின் கேள்வியைக் கேட்பார்கள் என்றுதான் தெரிய வேண்டும்" என்றாள்.

அன்றிரவு இருவரும் உட்கார்ந்து ஒரு ஜாபிதா போட்டோம். வரன் பார்க்கிற ஜாபிதாதான்! வழிகாட்டும் பேராசிரியர் எப்படிப்பட்டவர்? வேறு துறையிலிருந்து இரண்டாவது வழிகாட்டியைச் சேர்த்துக்கொள்ள விடுவார்களா? அவரிடம் முன்பு படித்தவர்கள் எத்தனை வருஷத்தில் முடித்தார்கள், இப்போது எங்கே இருக்கிறார்கள்? உதவித் தொகை மாதா மாதம் கைக்கு வருகிறதா? முடிவை ஊர் ஜனங்களிடம் திரும்பக் கொண்டுபோய்ச் சொல்கிறார்களா, அல்லது புத்தக அலமாரியில் வைத்துப் பூட்டுகிறார்களா? கல்யாணத்துக்கு முன் பையன் வீட்டுப் பக்கத்தாரை விசாரிப்பது போல, அங்கே படிக்கும் மாணவிகளிடமும் விசாரிக்க வேண்டும் என்று கடைசியில் நான் எழுதினேன்.

இரண்டு இடங்களுக்கும் கேள்விகளை அனுப்பினாள். தூர தேசத்திலிருந்து அழகான அச்சடித்த புஸ்தகம் ஒன்று வந்தது. அதில் கேள்விகளுக்குப் பதில் இல்லை. பக்கத்து இடத்துப் பேராசிரியை மட்டும் நாலு வரி எழுதியிருந்தார்: சமூகவியல் துறையில் ஒருவரைப் பேசி வைத்திருக்கிறேன், முதல் மழைக்காலம் முழுக்க ஆற்றங்கரையில்தான் இருக்க வேண்டும், சம்மதமா?

சம்மதம் என்று எழுதிவிட்டாள். அண்ணா ஒரு வாரம் அவளோடு பேசவில்லை. எதிர் வீட்டார் எழுந்து நிற்கவுமில்லை.

அந்த ஐப்பசியில் அவள் குடையும் நோட்டுப் புத்தகமுமாகச் செல்லிப்பட்டுக் கரைக்குப் போனாள். பாட்டி அடையாளம் கண்டுகொண்டாளாம். "ஆவுமான்னு கேட்டேனே, பதில் கொண்டாந்தியா?" என்றாளாம்.

"இன்னும் இல்லை பாட்டி. முதலில் உங்கள் கிணற்றை அளக்க வேண்டும்" என்றாளாம் இவள்.

பாட்டி மாட்டைக் கட்டிவிட்டு, கயிறும் வாளியும் எடுத்துக்கொண்டு முன்னால் நடந்தாளாம்.