அடுத்த சீசனுக்குப் பார்க்கலாம்

உதகமண்டலத்தின் காந்தல் பகுதியில் நாங்கள் குடியேறி நாற்பது ஆண்டுகள் ஆகின்றன. சமவெளியில் வாழும் உறவினர்கள் எங்களைக் கண்டால், “நீங்கள் கொடுத்து வைத்தவர்கள். உங்களுக்கு ஆண்டு முழுவதும் விடுமுறைதான்” என்பார்கள். நாங்களும் சிரித்துக்கொண்டே தலையசைப்போம். உண்மை நிலை வேறு. எங்களுள் ஒருவர் பள்ளி ஆசிரியர். மற்றவர் அஞ்சலக ஊழியர். காலையில் பனியில் நடுங்கியபடி பணிக்கு ஓடுவதும், மாலையில் தனிப்பயிற்சி வகுப்பும் வீட்டு வேலையுமாகப் பொழுதைக் கழிப்பதுமே எங்கள் வாழ்க்கையாய் இருந்தது. ஊரிலிருந்து விருந்தினர் வந்தால் மட்டுமே தாவரவியல் பூங்காவிற்குச் செல்வோம். அப்போதும் எங்கள் கண் பூவில் இராது, கைக்கடிகாரத்தில் இருக்கும்.

இவ்வாறு சிறுகச் சிறுகச் சேர்த்த பணத்தில் எங்கள் ஒரே மகளைச் செவிலியர் படிப்பில் சேர்த்தோம். இன்று அவள் ஆஸ்திரிய நாட்டின் தலைநகராகிய வியன்னாவில் ஒரு மருத்துவமனையில் பணிபுரிகிறாள். ஞாயிறுதோறும் தொலைபேசியில் பேசுவாள். மூன்று ஆண்டுகளுக்கு முன், ஒரு ஞாயிறன்று, “அவ்வளவு பெரிய நகரத்தில் விடுமுறை நாளை எப்படியம்மா கழிக்கிறாய்? செலவு மிகுதியாக ஆகுமே?” என்று கவலையோடு கேட்டோம்.

அவள் சிரித்தாள். “பெரிய செலவு ஒன்றும் இல்லை அம்மா. காலையில் சூடான ரொட்டி வாங்குவேன். டிராமில் சன்னலோரம் உட்கார்ந்து கடைசி நிறுத்தம் வரை போவேன். பிராட்டர் என்று ஒரு பெரிய பூங்கா இருக்கிறது. அங்கே மரத்தடியில் பெஞ்சில் உட்கார்ந்திருப்பேன். குழாயைத் திறந்தால் மலை ஊற்றுத் தண்ணீர் வரும். ஒரு காப்பி வாங்கினால் போதும், எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் செய்தித்தாள் படித்துக்கொண்டிருக்கலாம். எழுந்து போ என்று ஒருவரும் சொல்வதில்லை.”

சற்று நேரம் பேச்சில்லை. பிறகு மெல்லச் சொன்னாள்: “அப்பா, நம் ஊரிலும் இதெல்லாம் இருந்ததே. ஒரு நாளாவது நாம் மூன்று பேரும் பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறோமா? மலை இரயிலில் போகலாம் என்று எத்தனை முறை கேட்டிருப்பேன்!”

அவள் குறையாகச் சொல்லவில்லை; சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். ஆயினும் அன்றிரவு எங்களுக்கு உறக்கம் வரவில்லை. குன்னூரில் அவளுடைய அத்தை வீடு இருந்தது. அங்கே செல்லும் ஒவ்வொரு முறையும், அப்போது ஏழு வயதுச் சிறுமியான அவள், “இரயிலில் போகலாம் அப்பா” என்று கையைப் பிடித்து இழுப்பாள். “பேருந்தில் ஏறினால் விரைவில் போய்விடலாம். இரயிலுக்கு அடுத்த சீசனுக்குப் பார்க்கலாம்” என்போம். எத்தனையோ சீசன்கள் வந்து போயின. அவள் கேட்பதை எப்போது நிறுத்தினாள் என்பதுகூட எங்கள் நினைவில் இல்லை.

அவள் குறிப்பிட்ட பிராட்டர் பூங்காவைப் பற்றிப் பின்னர் படித்தறிந்தோம். ஒரு காலத்தில் அது அரச குடும்பத்தாரின் வேட்டைக் காடாக இருந்ததாம். 1766ஆம் ஆண்டு பேரரசர் இரண்டாம் ஜோசப் அதைப் பொதுமக்களுக்குத் திறந்துவிட்டார். இதைப் படித்ததும் எங்கள் ஊரைப் பற்றிய எண்ணமே வந்தது. கோயம்புத்தூர் ஆட்சியர் ஜான் சல்லிவன் 1819இல் இம்மலைக்கு வந்தார். பின்னர் ஓடைக்கு அணையிட்டு ஏரியை உண்டாக்கினார். சென்னை மாகாண அரசாங்கம் கோடைதோறும் மலையேறி வந்து இங்கிருந்தே ஆட்சி நடத்தியது. ஐரோப்பியர் தங்கள் தாய்நாட்டுச் சுகங்களை நாடி அமைத்த கோடைத் தலைநகர் இது. ஊரின் நடுவே உள்ள சந்திப்பிற்குக்கூட இலண்டன் மாநகரத்துச் சேரிங் கிராஸின் பெயர். அன்று ஆளுநர்களும் அதிகாரிகளும் துய்த்த காற்றும் மலரும் இன்று யாவருக்கும் பொது. அவற்றைக் காண நெடுந்தொலைவிலிருந்து மக்கள் திரண்டு வருகிறார்கள். கூட்டம் மிகுந்ததால், வெளியூர் வாகனங்கள் இ-பாஸ் பெற்று வரவேண்டும் என்று 2024இல் நீதிமன்றமே உத்தரவிட நேர்ந்தது. வாசலில் இருந்த நாங்களோ பாராமல் இருந்துவிட்டோம்.

இருவரும் ஓய்வு பெற்றிருந்தோம். ஆனால் ஓய்வாக இருக்கத் தெரியவில்லை. இனிச் சனிக்கிழமைகளில் வேலை எதையும் வைத்துக்கொள்வதில்லை என்று முடிவு செய்தோம்.

முதல் சனிக்கிழமை நகராட்சி மார்க்கெட்டிற்குச் சென்றோம். வாங்குவதற்காக அன்று, பார்ப்பதற்காக. மண் போகக் கழுவிய கேரட்டும், கருஞ்சிவப்புப் பீட்ரூட்டும், பனித்துளி காயாத முட்டைக்கோசும் மலையாய்க் குவிந்திருந்த அழகை நாற்பது ஆண்டுகளாய் விலை கேட்ட அவசரத்தில் தவறவிட்டிருந்தோம். பிறகு ஒரு தேநீர்க் கடையில் அமர்ந்தோம். விறகடுப்பில் சுட்ட வர்க்கியைச் சூடான தேநீரில் நனைத்து உண்டோம். அடுக்கடுக்கான அதன் மொறுமொறுப்பு தேநீரில் பட்டதும் வாயில் கரைகின்ற சுகத்தைச் சொல்லி முடியாது. விருந்தினருக்கென்று எத்தனை பொட்டலம் வாங்கியிருப்போம்! நாங்கள் இருவரும் அருகருகே அமர்ந்து உண்டது அதுவே முதல் முறை.

திரும்பும் வழியில் சேரிங் கிராஸில் உள்ள ஆடம் நீரூற்றின் அருகே சற்று நின்றோம். சென்னை ஆளுநராகப் பதவியேற்ற சில மாதங்களிலேயே, 1881 மே மாதம், இந்த ஊரிலேயே மறைந்தவர் ஆடம். கோடைத் தலைநகரையே ஆண்டவருக்கு ஒரு முழுக் கோடையும் இங்கே வாய்க்கவில்லை.

மற்றொரு சனிக்கிழமை தாவரவியல் பூங்காவிற்குச் சென்றோம். 1848ஆம் ஆண்டளவில் மெக்கைவர் என்பவர் உருவாக்கத் தொடங்கிய பூங்கா அது. புல்வெளிக்கு எதிரே ஒரு பெஞ்சில் அமர்ந்தோம். அருகே, குன்னூர்ப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றிலிருந்து வந்த ஒரு குடும்பம் தூக்குச் சட்டியைத் திறந்து எலுமிச்சைச் சோறு உண்டுகொண்டிருந்தது. வாரமெல்லாம் கொழுந்து கிள்ளிக் கருத்த விரல்களால் அந்தத் தாய் எங்களுக்கும் ஓர் இலையில் எடுத்து வைத்தார். “அடிக்கடி வருவீர்களா?” என்று கேட்டோம்.

“எங்கே சார்? வருசத்துக்கு ஒரு தடவைதான். ஒரு நாள் சம்பளம் போகும். பரவாயில்லேன்னு கூட்டிட்டு வந்திடுவோம். பிள்ளைங்க வளர்ந்துட்டா நாம கூப்பிட்டாலும் வராதுங்களே” என்றார் அவருடைய கணவர்.

எங்களால் பதில் கூற இயலவில்லை. எளிய இன்பங்களுக்குக் காசு வேண்டுவதில்லை என்று அதுவரை எண்ணியிருந்தோம். அவற்றிற்கும் விலை உண்டு. நேரமே அந்த விலை. ஒரு நாள் கூலியை இழந்தால் அடுப்பில் குறையும் என்பதை அறிந்தும் அந்தத் தொழிலாளி அதைக் கொடுத்தார். மாதச் சம்பளமும் விடுமுறையும் உடைய நாங்கள் கொடுக்கவில்லை.

கடந்த டிசம்பரில் எங்கள் மகள் இரண்டு வார விடுப்பில் வந்தாள். அவளிடம் சொல்லாமலேயே குன்னூருக்கு மூன்று பயணச்சீட்டுகள் வாங்கி வைத்தோம். மலை இரயில் 1899இல் குன்னூரையும் 1908இல் உதகையையும் எட்டியது. மேட்டுப்பாளையத்திலிருந்து நாற்பத்தாறு கிலோமீட்டர் தொலைவில் 208 வளைவுகள், 250 பாலங்கள், 16 குகைகள். 2005ஆம் ஆண்டு உலகப் பாரம்பரியச் சின்னமாக யுனெஸ்கோ அதனை ஏற்றது. நீராவி எஞ்சினும் பற்சக்கரத் தண்டவாளமும் குன்னூருக்குக் கீழேதான். உதகைக்கும் குன்னூருக்கும் இடையே டீசல் எஞ்சின். அவை பற்றியெல்லாம் எங்கள் மகள் கவலைப்படவில்லை. நிலையத்தில் அந்த நீல வண்டியைக் கண்டதும் சிறு பிள்ளைபோல் முன்னே ஓடிச் சன்னலோர இடத்தைப் பிடித்துக்கொண்டாள்.

புல்லின்மேல் உறைபனி வெண்மையாய்ப் படிந்திருந்தது. லவ்டேல் கடந்தது. வண்டி ஒரு குகைக்குள் நுழைந்து இருள் சூழ்ந்ததும், வழக்கம்போல் பெட்டியிலிருந்த குழந்தைகள் எல்லாரும் “ஓ” என்று கூவினார்கள். அவர்களோடு எங்கள் மகளும் கூவினாள். நாங்களும் கூவினோம். மீண்டும் வெளிச்சம் வந்தபோது அவள் கண்கள் கலங்கியிருந்தன. எங்கள் பக்கம் திரும்பாமலே, “அடுத்த ஸ்டேஷன் எது அப்பா?” என்று கேட்டாள். அவளுக்குத் தெரியாத ஊரா அது!

“கேத்தி, கண்ணு” என்றோம்.

ஏழு வயதில் கொடுத்திருக்க வேண்டியதை முப்பத்தைந்தில் கொடுத்தோம். இரண்டும் ஒன்றாகாது என்பதை நாங்கள் அறிவோம். அவளும் அறிவாள். ஆயினும் அன்று குன்னூரில் இறங்கியபோது, சிறு வயதில் செய்ததுபோல் எங்கள் இருவர் கைகளையும் பிடித்துக்கொண்டே நடந்தாள்.

இதைப் படிக்கும் இளம் பெற்றோரே, உங்கள் ஊரிலும் ஓர் ஏரிக்கரை இருக்கும். ஒரு மரத்தடி இருக்கும். பிள்ளை ஏறிப் பார்க்க ஆசைப்படும் ஒரு வண்டி இருக்கும். அது கேட்கும்போதே அழைத்துச் செல்லுங்கள். அடுத்த சீசன் தவறாமல் வரும். கேட்கிற வயது திரும்பி வருவதில்லை.