ஒரு பிள்ளைக்கு எத்தனை லீக்?

2020 ஏப்ரல் 15. கொரோனாவால் அமெரிக்காவில் பள்ளி, மைதானம் எல்லாம் பூட்டிக் கிடந்த நேரம். அந்த நாட்டுக் கால்பந்து சம்மேளனமான யு.எஸ். சாக்கர் அன்று ஓர் அறிவிப்பு விட்டது. 2007 முதல் நடத்தி வந்த 'டெவலப்மென்ட் அகாடமி' என்ற லீக்கை மூடுகிறார்களாம். காரணம், பணநெருக்கடி. அதே நாளில் எம்.எல்.எஸ். (அங்கே ஆண்களின் முதல்நிலைத் தொழில்முறை லீக்) இளையோருக்கு ஒரு புது அமைப்பைத் தானே தொடங்கப்போவதாகச் சொன்னது. பெண் பிள்ளைகள் பக்கம் சில கிளப்புகள் போட்டி லீக்கான ஈ.சி.என்.எல்லுக்குத் தாவின. மிச்சமிருந்தவற்றில் பல ஒன்றுகூடி, சில வாரங்களிலேயே 'கேர்ள்ஸ் அகாடமி' என்று தனிக்கடை போட்டன.

ஒரு பந்துகூட உதைக்கப்படாத அந்த மாதங்களில், நாடு முழுக்க ஆயிரக்கணக்கான பிள்ளைகள் எந்த லீக்கில் ஆடுவார்கள் என்பது மாறிப்போனது. பிள்ளைகளை யாரும் கேட்கவில்லை. கேட்கும் வழக்கமும் அங்கே இல்லை.

வெளியிலிருந்து பார்ப்பவருக்கு முதலில் தலை சுற்றும். ஏ.ஒய்.எஸ்.ஓ., யு.எஸ். யூத் சாக்கர், யு.எஸ். கிளப் சாக்கர், ஓ.டி.பி., என்.பி.எல்., ஈ.சி.என்.எல்., ஜி.ஏ., எம்.எல்.எஸ். நெக்ஸ்ட்... பன்னிரண்டு வயசுப் பிள்ளை பந்து ஆட இத்தனை எழுத்துக்கூட்டு எதற்கு?

கதை சின்னதாகத்தான் ஆரம்பித்தது. 1964-ல் கலிபோர்னியாவின் டாரன்ஸ் நகரில் ஏ.ஒய்.எஸ்.ஓ. தொடங்கியது. 'எல்லாரும் ஆடணும்' என்பதுதான் அதன் கொள்கை. அணியில் இருக்கும் ஒவ்வொரு பிள்ளையும் குறைந்தது பாதி ஆட்டமாவது மைதானத்தில் இருக்க வேண்டும். கோச் வேலையும் ரெஃப்ரி வேலையும் பெரும்பாலும் அப்பா அம்மாக்களே பார்ப்பார்கள். 1974-ல் யு.எஸ். யூத் சாக்கர் வந்தது. மாநிலவாரியாகச் சங்கம் வைத்து, 1977 முதல் ஓ.டி.பி. என்ற தேர்வுத் திட்டத்தையும் நடத்தியது. மாவட்டம், மாநிலம், மண்டலம் என்று சல்லடை போட்டுச் சலித்து தேசிய அணி வரை ஏற்றிவிடும் ஏணி அது. 2001-ல் யு.எஸ். கிளப் சாக்கர் முளைத்தது. மாநிலச் சங்கங்களின் கெடுபிடி பிடிக்காத கிளப்புகளுக்கு அது ஒரு மாற்று வாசல். வேடிக்கை என்னவென்றால் இந்த மூன்றும் யு.எஸ். சாக்கரின் உறுப்பு அமைப்புகள்தான். ஒரே கூரைக்குக் கீழே மூன்று அடுப்பு.

2007-ல் அந்தக் கூரையே நாலாவதாக ஓர் அடுப்பைப் பற்ற வைத்தது. அதுதான் டெவலப்மென்ட் அகாடமி, சுருக்கமாக டி.ஏ. ஆண் பிள்ளைகளுக்கு மட்டும், நாடெங்கும் தேர்ந்தெடுத்த அறுபத்துச் சொச்சம் கிளப்புகளோடு தொடங்கியது. மேட்ச் குறைவு, பயிற்சி அதிகம். வெளியே போன ஆட்டக்காரர் அதே ஆட்டத்தில் திரும்ப உள்ளே வர முடியாது, ஐரோப்பாவில் இருப்பது போல. திட்டம் மோசம் என்று யாரும் சொல்லிவிட முடியாது. பிற்பாடு தேசிய அணிக்கு முதுகெலும்பான கிறிஸ்டியன் புலிசிக், வெஸ்டன் மெக்கென்னி, டைலர் ஆடம்ஸ் எல்லாம் டி.ஏ. கிளப்புகளில் ஆடியவர்கள்தான்.

பிரச்சினை 2012-ல் வந்தது. டி.ஏ.வில் ஆடுகிற பையன் இனி பள்ளி அணிக்கு ஆடக்கூடாது, பத்து மாத சீசன் முழுக்க கிளப்புக்கே சொந்தம் என்று உத்தரவு. (சில தனியார் பள்ளிகளில் உதவித்தொகை வாங்கும் பையன்களுக்கு மட்டும் விலக்கு உண்டு.) இது எவ்வளவு பெரிய விஷயம் என்பது அமெரிக்கப் பள்ளியைப் பற்றித் தெரிந்தால்தான் புரியும். அங்கே பள்ளி அணி என்றால் வெறும் விளையாட்டு இல்லை. கூடப் படிக்கிறவர்கள் கேலரியில் உட்கார்ந்து கத்துவார்கள். உள்ளூர்ப் பேப்பரில் பெயர் வரும். அணியின் ஜாக்கெட்டைப் போட்டுக்கொண்டு வகுப்புக்குப் போகலாம். கிளப் மேட்ச் அப்படியில்லை. நூறு மைல் தள்ளி ஒரு மைதானம், பார்க்க வந்தவர்கள் இரண்டு பக்கத்துப் பெற்றோர்கள் மட்டும். பதினைந்து வயசில் எதை விடுவது?

பையன்கள் விஷயத்தில் சம்மேளனம் சொன்ன நியாயத்தில் கொஞ்சம் பசை இருந்தது. பதினேழு வயசில் தொழில்முறை ஒப்பந்தம் போடும் ஜெர்மன்காரப் பையனோடு மோத வேண்டுமானால், வருஷத்தில் மூன்று மாசத்தைப் பள்ளி ஆட்டத்துக்குக் கொடுத்துக்கொண்டிருக்க முடியாது என்ற வாதம். பெண்கள் பக்கம் அதே சட்டத்தைக் கொண்டுபோனபோதுதான் சண்டை முற்றியது.

பெண்கள் பக்கம் ஏற்கெனவே ஒரு லீக் நன்றாக ஓடிக்கொண்டிருந்தது. 2009-ல் 40 கிளப்புகள் சேர்ந்து, யு.எஸ். கிளப் சாக்கரின் குடைக்குக் கீழே, ஈ.சி.என்.எல்லைத் தொடங்கியிருந்தன. மேலிருந்து யாரும் உத்தரவு போட்டு வந்ததல்ல, கிளப்புகள் தாங்களே கட்டிக்கொண்டது. பள்ளி அணிக்கு ஆடத் தடையில்லை. பள்ளி சீசன் வரும்போது லீக் ஒதுங்கி வழிவிடும். கொலராடோவில் இப்படி கிளப்புக்கும் பள்ளிக்கும் சேர்த்து ஆடி வளர்ந்த மல்லரி ப்யூ, 2016 ரியோ ஒலிம்பிக்கில் 18 வயசில் கோல் போட்டார். அமெரிக்கப் பெண்கள் 2015 உலகக் கோப்பையையும் வென்றிருந்தார்கள். ஆக, ஓடாத வண்டி எதுவும் அங்கே நிற்கவில்லை.

இருந்தும் 2016 பிப்ரவரியில் யு.எஸ். சாக்கர் பெண்களுக்கும் டி.ஏ. அறிவித்தது. 2017 இலையுதிர் காலத்தில் தொடக்கம். அதே விதி: பள்ளிக்கு ஆடாதே. ஈ.சி.என்.எல். சும்மா இருக்குமா? அதே 2017-ல் ஆண் பிள்ளைகளுக்கும் தன் லீக்கைத் திறந்தது. நீ என் வீட்டுக்குள் வந்தால் நான் உன் வீட்டுக்குள் வருவேன் :-)

இந்தப் பெண் பிள்ளைகளில் பெரும்பாலோருடைய இலக்கு தொழில்முறை ஆட்டம் இல்லை, கல்லூரி. 1972-ல் வந்த டைட்டில் நைன் சட்டம் கல்லூரி விளையாட்டில் பெண்களுக்குச் சம வாய்ப்பைக் கட்டாயமாக்கியது. அதன் விளைவாக முதல் பிரிவுக் கல்லூரி ஒன்று பெண்கள் கால்பந்துக்கு 14 முழு உதவித்தொகைகள் வரை தரலாம், ஆண்களுக்கு 9.9 மட்டும் என்ற கணக்கு பல ஆண்டுகள் இருந்தது. (2025-ல் அந்த வரம்பு போய், அணிக்கு இத்தனை பேர் என்ற வரம்பு வந்துவிட்டது.) கல்லூரி கோச் எந்த லீக்கின் மேட்ச்சைப் பார்க்க வருகிறாரோ அந்த லீக்குக்கு மவுசு. எல்.கே.ஜி. சீட்டுக்கு விடியற்காலையில் வரிசையில் நின்ற பெற்றோர்களுக்கு இந்த மனநிலையை விளக்க வேண்டியதில்லை.

இரண்டு பக்கமும் 'வீரர்களை யார் நன்றாக வளர்ப்பது' என்றுதான் பேசின. ஆனால் எந்தப் பக்கம் தோற்றால் யாருக்கு என்ன நஷ்டம் என்று கணக்குப் போட்டால் வேறொரு படம் தெரியும். அமெரிக்காவில் கிளப்பின் வருமானம் பிள்ளையின் அப்பா அம்மா கட்டும் பணம். வருஷத்துக்குச் சில ஆயிரம் டாலர். விமானம், ஓட்டல், பெட்ரோல் தனி. ஒரு கிளப்பில் ஒரே வயசுக்கு மூன்று நாலு அணிகள் இருக்கும். மேலே இருக்கும் அணிக்குத்தான் பெரிய லீக், நல்ல கோச், தொலைதூரப் பயணம். கீழே இருக்கும் இரண்டாம், மூன்றாம் அணிப் பிள்ளைகளும் பணம் கட்டுகிறார்கள். எதற்கு? அந்த பெரிய லீக்கின் பேட்ஜ் கிளப்பின் சட்டையில் இருக்கிறது, என்றைக்காவது நம் பிள்ளையும் மேலே போகும் என்ற நம்பிக்கைக்கு.

அந்த பேட்ஜ் போனால் என்ன ஆகும் என்று யோசித்தால் சண்டை புரிந்துவிடும். முதலில் மேல் அணியின் நாலைந்து நல்ல ஆட்டக்காரர்கள் அடுத்த தேர்வு நாளில் பக்கத்துக் கிளப்புக்குப் போவார்கள். அவர்களோடு கோச்சும் போவார். அதைப் பார்த்து இரண்டாம் அணி கரையும். மூன்றாம் அணிப் பெற்றோர், 'இதற்கு இவ்வளவு காசா' என்று கேட்டு ஏ.ஒய்.எஸ்.ஓ.வுக்கே திரும்பிவிடுவார்கள். ஒரு எழுத்துக்கூட்டு போய் ஒரு கிளப்பே காலியாகும். அதனால்தான் லீக்குகள் கிளப்புகளைப் பிடித்து இழுக்கின்றன. கிளப்புகள் லீக்குக்கு லீக் தாவுகின்றன. டி.ஏ.வுக்குப் போன பெண்கள் கிளப்புகளில் சில, ஓரிரு ஆண்டிலேயே ஈ.சி.என்.எல்லுக்குத் திரும்பி ஓடியதும் இதனால்தான். பெற்றோர்களுக்குப் பள்ளித் தடை பிடிக்கவில்லை, அவ்வளவுதான். கோல் போடும் நுணுக்கத்தில் வந்த கருத்து வேறுபாடெல்லாம் ஒன்றுமில்லை.

ஐரோப்பாவில் இந்தக் கூத்து இந்த அளவுக்கு இல்லாததற்குக் காரணம் அவர்கள் நல்லவர்கள் என்பதல்ல. அங்கே பணம் வேறு பக்கத்திலிருந்து வருகிறது. ஃபிஃபா விதிப்படி ஓர் ஆட்டக்காரர் ஒரு நாட்டிலிருந்து இன்னொரு நாட்டுக்கு விலைக்குப் போனால், அந்தத் தொகையில் 5 சதவீதம் அவரை 12 வயசிலிருந்து 23 வயசு வரை வளர்த்த கிளப்புகளுக்குப் பிரிக்கப்படும். 12 முதல் 15 வரை நாலு வருஷம் ஒரே கிளப் வளர்த்திருந்தால் அதற்கு மொத்தத் தொகையில் 1 சதவீதம். ஒரு கோடி டாலருக்கு விற்றால் ஒரு லட்சம் டாலர். இதுபோக, பயிற்சி இழப்பீடு என்று தனியாக ஒன்று உண்டு. சின்னக் கிளப் ஒன்று ஏழைப் பையனை இலவசமாகச் சேர்த்துக்கொள்ள இது ஒரு நியாயமான காரணம்.

அமெரிக்காவில் யு.எஸ். சாக்கர் சட்டச் சிக்கலைக் காரணம் காட்டி இந்த விதியைப் பல வருஷம் நடைமுறைப்படுத்தவே இல்லை. வாஷிங்டன் மாநிலத்தின் கிராஸ்ஃபயர் பிரீமியர் கிளப்பில் வளர்ந்த டிஆண்ட்ரே யெட்லினை 2014-ல் இங்கிலாந்தின் டாட்டன்ஹாம் வாங்கியது. 'எங்கள் பங்கு எங்கே' என்று கிராஸ்ஃபயர் ஃபிஃபாவிடம் போனது. வழக்கு ஆண்டுக்கணக்கில் இழுத்தது. 2019-ல்தான் எம்.எல்.எஸ். இந்தத் தொகைகளைத் தானும் கோரப்போவதாக அறிவித்தது. தன் அகாடமிப் பையன்கள் ஐரோப்பாவுக்குச் சும்மா போய்க்கொண்டிருப்பது அதற்கே உறைத்த பிறகு!

விற்ற பணம் வராது என்றால் பெற்றோர் பணம்தான். பெற்றோர் பணம் என்றால் காசுள்ள பெற்றோர் வேண்டும். தோட்ட வேலைக்கும் ஓட்டல் வேலைக்கும் வந்த லத்தீன் அமெரிக்கக் குடும்பத்துப் பையன், ஞாயிற்றுக்கிழமை பூங்காவில் பெரியவர்களோடு ஆடுகிறான். அவன் மேல் எந்த எழுத்துக்கூட்டின் கண்ணும் எளிதில் படுவதில்லை. உதவித்தொகை தரும் கிளப்புகள் உண்டு. ஆனால் வாரத்துக்கு நாலு நாள் மாலை அவனைக் காரில் கொண்டுபோய் விட யார் இருக்கிறார்கள்? 1996 தேர்தலில் புகழ்பெற்ற 'சாக்கர் மாம்' என்ற சொல், பகலில் நேரமும் வீட்டில் பெரிய காரும் உள்ள ஓர் அம்மாவைக் குறித்தது. அப்படி ஓர் அம்மா இல்லாத வீட்டைப் பற்றி லீக்குகளின் சண்டையில் பேச்சே வருவதில்லை.

2017 அக்டோபரில் டிரினிடாட் டொபாகோவிடம் 2-1 என்று தோற்று அமெரிக்க ஆண்கள் அணி 2018 உலகக் கோப்பைக்குத் தகுதி இழந்தபோது இதையெல்லாம் மாற்றுவோம் என்று ரொம்பப் பேசினார்கள். மாறியது லீக்குகளின் பெயர்தான். டி.ஏ. போய் எம்.எல்.எஸ். நெக்ஸ்ட், பெண்கள் பக்கம் டி.ஏ. போய் கேர்ள்ஸ் அகாடமி. ஈ.சி.என்.எல். அப்படியே இருக்கிறது, இன்னும் பெரிதாக.

லீக் சண்டை போதாதென்று வயசுக் கணக்கிலும் பிள்ளைகளைப் படுத்தி எடுத்தார்கள். முன்பெல்லாம் பள்ளி ஆண்டை ஒட்டி வயசுப் பிரிவு இருந்தது. ஒரே வகுப்புப் பிள்ளைகள் பெரும்பாலும் ஒரே அணி. உலக வழக்கம் என்று சொல்லி, பிறந்த ஆண்டே கணக்கு என்று 2017-க்குள் எல்லா அமைப்புகளையும் மாற வைத்தது யு.எஸ். சாக்கர். அதன் விளைவு, 2010 அக்டோபரில் பிறந்த ஒரு பெண், 2010 மார்ச்சில் பிறந்தவர்களோடு ஒரே அணி. 2024 இலையுதிர் காலத்தில் அவர்கள் ஒன்பதாம் வகுப்புக்குப் போய்ப் பள்ளி அணியில் ஆட, கிளப் அணி அந்த மாதங்களுக்குக் கலைந்துவிடும். எட்டாம் வகுப்பில் இருக்கும் இவளுக்கு ஆட அணியே இல்லை. இப்படி நடுவில் மாட்டிக்கொண்டவர்களுக்கு அங்கே 'பொறியில் சிக்கியவர்கள்' என்ற அர்த்தத்தில் ஒரு பெயரே வைத்துவிட்டார்கள். 2024 நவம்பரில் யு.எஸ். சாக்கர் அந்தக் கட்டாயத்தைத் தளர்த்தி, அவரவர் விருப்பம் என்றது. அடுத்த சில மாதங்களில் யு.எஸ். யூத் சாக்கர், யு.எஸ். கிளப் சாக்கர், ஏ.ஒய்.எஸ்.ஓ. மூன்றும் அதிசயமாக ஒரே குரலில் பேசின: 2026-27 சீசன் முதல் மறுபடி பள்ளி ஆண்டுக் கணக்கு. அதற்காக அணிகளை எல்லாம் இன்னொரு தடவை பிரித்துச் சேர்க்க வேண்டும். அந்த 2010 அக்டோபர்ப் பெண் 2025-லேயே ஒன்பதாம் வகுப்புக்குப் போய்விட்டாள்.