எங்கள் வீட்டு தண்ணி கம்ப்யூட்டர்



"கம்ப்யூட்டருக்குள்ள யாராச்சும் தண்ணிய விடுவாங்களாடா?" இதுதான் அம்மா என்னிடம் கேட்ட முதல் கேள்வி. விடுவார்கள் என்று அடித்துச் சொன்னேன். 1985-ல் வந்த கிரே-2 சூப்பர் கம்ப்யூட்டரில் சர்க்யூட் பலகைகளை மின்சாரம் கடத்தாத ஒரு திரவத்திலேயே முக்கி வைத்திருந்தார்கள். 2004-ல் ஆப்பிள் நிறுவனம் பவர் மேக் ஜி5 என்ற மேசைக் கணினியிலேயே திரவத்தைக் குழாயில் ஓடவிட்டு விற்றது. இதையெல்லாம் நான் மூச்சுவிடாமல் ஒப்பித்து முடித்ததும் அம்மா, "அவங்க தெருவுல தண்ணி ஒழுங்கா வருது போல" என்று சொல்லிவிட்டு தையல் மெஷினில் உட்கார்ந்துவிட்டார்.

எங்கள் வீட்டைப் பற்றி இரண்டு வரி. வேலூரில் ஒரு மாடி வீட்டின் மொட்டை மாடியில் ஒரே அறை, மேலே சிமெண்ட் ஷீட். அதில் பீரோ, அம்மாவின் தையல் மெஷின், அண்ணனின் கம்ப்யூட்டர், அப்புறம் நாங்கள் மூன்று பேர். அண்ணன் கல்யாண வீடியோ எடிட்டிங் செய்கிறார். பழைய கம்ப்யூட்டர் ஏழு வருஷம் உழைத்துவிட்டது. சித்திரை, வைகாசியில் மதியம் மூன்று மணிக்கு தாலி கட்டும் சீன் வரும்போது சூடு தாங்காமல் தானாகவே அணைந்துவிடும். அதனால் அண்ணன் ராத்திரி பதினொன்றுக்கு மேல்தான் வேலை செய்வார். தை மாதம் அதிலிருந்த ஹார்ட் டிஸ்க்கும் போய்விட்டது. ஒரு வீட்டு வளைகாப்பு முழுக்க அதில்தான் இருந்தது. அண்ணன் அட்வான்ஸைத் திருப்பிக் கொடுத்து, அவர்கள் வாசலில் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். நானும் கூடப் போயிருந்தேன். அதைப் பற்றி இதற்கு மேல் எழுத வேண்டாம் என்று பார்க்கிறேன்.

பங்குனியில் சீட்டு எடுத்து 1,20,000 ரூபாய் வந்தது. "நீதானே கம்ப்யூட்டர் சயின்ஸ் குரூப்பு, நீயே பிளான் போடுடா. இடம் அடைக்கக் கூடாது, சூடாவக் கூடாது, அவ்ளோதான்" என்றார் அண்ணன். எனக்குத் தலைகால் புரியவில்லை!

இடம் அடைக்காமல் இருக்க மினி ஐடிஎக்ஸ் போர்டுதான் சரி. 2001-ல் வியா என்ற நிறுவனம் கொண்டுவந்த அளவு அது, 17 செ.மீ.க்கு 17 செ.மீ. சதுரம். பெட்டிக்கு கூலர் மாஸ்டர் என்ஆர்200 என்று முடிவு செய்தேன். அதன் கொள்ளளவு 18.25 லிட்டர், அதாவது நம் 20 லிட்டர் வாட்டர் கேனைவிடக் கொஞ்சம் சின்னது. அதற்குள் பிராசசர், கிராபிக்ஸ் கார்டு, பவர் சப்ளை எல்லாம் போக, தண்ணீர் ஓடும் குழாயும் வேண்டும் என்றால் விளையாட்டா? அட்டைப்பெட்டிகளை வெட்டி ஒட்டி முழு அளவில் மாதிரி செய்தேன். ரேடியேட்டர் கனம் 27 மி.மீ., அதன்மேல் ஃபேன் 25 மி.மீ., ஆக 52 மி.மீ. குழாயை அதற்கு மேல் வளைத்தால் மடிந்துவிடும். பம்ப்புக்கு மேலேதான் தண்ணீர்த் தொட்டி இருக்க வேண்டும். இல்லாவிட்டால் பம்ப் தண்ணீர் இல்லாமல் சுற்றிக் கெட்டுப்போகும். (நம் பள்ளி போர்வெல் மோட்டாருக்கு நடந்தது போல.) ஒரு வாரம் கணக்கு நோட்டின் பின்பக்கம் முழுக்க குழாய்ப் படம்தான். கணக்கு சார் மன்னிக்கவும்.

அந்தப் படத்தை இயற்பியல் சார் பார்த்துவிட்டார். திட்டுவார் என்று நினைத்தேன். உட்காரச் சொல்லி, "எவ்வளவு வாட்?" என்று கேட்டார். நான் எழுதியிருந்த ரைசன் 7 7700எக்ஸ் பிராசசர் அதிகபட்சம் 142 வாட் இழுக்கும். ஆர்டிஎக்ஸ் 4060 டிஐ கார்டு 160 வாட். கூட்டினால் 302, சுமாராக 300. தண்ணீரின் தன்வெப்ப ஏற்புத்திறன் 4186 என்பது எல்லோருக்கும் தெரியும், இரண்டு மார்க் கேள்வி. நிமிடத்துக்கு ஒரு லிட்டர் ஓடினால் விநாடிக்கு ஒரு டிகிரிக்கு சுமார் 70 ஜூல் எடுத்துச் செல்லும். 300-ஐ 70-ஆல் வகுத்தால் 4.3. அதாவது 300 வாட்டையும் வாங்கிக்கொண்டு தண்ணீர் ஒரு சுற்றில் நாலரை டிகிரி கூட ஏறாது! ஒரே கன அளவு காற்றைவிட தண்ணீர் சுமார் 3500 மடங்கு வெப்பம் சுமக்கும். நான் ஜெயித்துவிட்டதாக நினைத்து சாரைப் பார்த்தேன்.

சார் கேட்டார்: "சுமந்துட்டுப் போவுது சரி. எங்க கொண்டு போய் இறக்குது?"

ரேடியேட்டரில் சார்.

"ரேடியேட்டர் எங்க இறக்குது?"

ரூம்ல சார்.

"ரூம்ல யாரு இருக்கா?"

அதுவரை எனக்கு அது தோன்றவே இல்லை. தண்ணீர் எதையும் குளிர வைப்பதில்லை. அது சுமைதூக்குகிற வேலை மட்டும்தான் செய்கிறது. பஸ்ஸில் ரேடியேட்டர் வெளிக்காற்றில் இறக்கிவிடும். எங்கள் வீட்டில் அது அம்மாவின் முதுகுக்குப் பின்னால் இறக்கும். சும்மா உட்கார்ந்திருக்கும் ஒரு ஆள் சுமார் 100 வாட் சூடு விடுகிறார். அப்படியென்றால் மூன்று பேர் குடியிருக்கும் அறையில் இன்னும் மூன்று பேரைக் கொண்டுவந்து உட்கார வைக்கப் பார்த்தேன்.

இன்னொன்று. அறைக் காற்றைவிட ரேடியேட்டர் தண்ணீர் குளிர்ச்சியாக ஆகவே முடியாது. மதியம் எங்கள் அறையில் 39 டிகிரி இருந்தது (தெர்மாமீட்டர் லேபிலிருந்து அனுமதி வாங்கித்தான் எடுத்துப் போனேன்). சின்ன ரேடியேட்டர், சின்ன பெட்டி என்பதால் தண்ணீர் ஒரு 15 டிகிரி மேலே நிற்கும் என்று வைத்துக்கொண்டேன். 54 ஆகிறது. நான் பார்த்து வைத்திருந்த பம்ப்பின் எல்லையே 60. வெளிநாட்டுக்காரர்கள் 22 டிகிரி அறையில் உட்கார்ந்து சொல்வதை அப்படியே நம்பினால் இப்படித்தான்.

இதைக் கேட்ட அம்மா ஒரு யோசனை சொன்னார். "குழாய மண்பானைக்குள்ள சுருட்டி விடேன்." சிரிக்காதீர்கள். நான் போட்ட எல்லா யோசனையையும்விட அதுதான் அறிவியல். பானைத் தண்ணீர் ஆவியாவதால் அறையைவிடக் குளிர்ந்து இருக்கும், ரேடியேட்டரால் முடியாததை அது செய்யும். ஆனால் 300 வாட்டை ஆவியாக்கியே வெளியேற்ற மணிக்கு கிட்டத்தட்ட அரை லிட்டர் ஆவியாக வேண்டும். எங்கள் பானையில் சாயங்காலம் ஆறு மணிக்கு சாக்பீஸால் கோடு போட்டேன். காலை ஆறு மணிக்கு அந்தக் கோடு வரை ஊற்ற இரண்டு டம்ளர்தான் பிடித்தது. பன்னிரண்டு மணி நேரத்துக்கு இரண்டே டம்ளர். பானை யோசனை அதோடு முடிந்தது. தண்ணீர் ரொம்பக் குளிர்ந்தாலும் ஆபத்துதான், குழாயில் பனி படிந்து போர்டில் சொட்டும்.

வேதியியல் மிஸ் பங்குக்கு அவர்களும் ஒன்று சொன்னார்கள். விலை குறைவு என்று நான் அலுமினிய ரேடியேட்டர் எழுதியிருந்தேன். பிராசசர் மேல் வைக்கும் பிளாக் தாமிரம். "ரெண்டையும் ஒரே தண்ணியில வச்சா என்னப்பா அது? மின்கலம். அலுமினியம் அரிச்சுக்கிட்டே போகும்." மின்வாய் அழுத்தப் பாடத்தில் நான் 5-க்கு 5 வாங்கியவன் என்பதை இங்கே சொல்லாமல் விடுகிறேன்.

இப்போது சொல்ல வேண்டியதைச் சொல்லிவிடுகிறேன். என் பிளானில் தண்ணீர் சாமான்களுக்கு 34,000 என்று எழுதியிருந்தேன். பம்ப், கார்டு, பிராசசர், ரேடியேட்டர் நான்குக்கும் தலா இரண்டு வாய் உண்டு. ஆக எட்டு இணைப்பு ஃபிட்டிங் வாங்க வேண்டும். அதை வேண்டுமென்றே "இதர செலவு" என்று சின்னதாக எழுதினேன். உண்மைக் கணக்கு 41,000-ஐத் தொட்டது. அந்தப் பணம் எங்கிருந்து வந்தது தெரியுமா? அண்ணன் கேட்ட இரண்டு 4 டி.பி. ஹார்ட் டிஸ்க்கை அடித்துவிட்டு ஒரே ஒரு 1 டி.பி. என்று போட்டிருந்தேன். வளைகாப்பு வீட்டு வாசலில் கூட நின்ற நான்தான் போட்டேன். கண்ணாடிக் குழாயில் நீலத் தண்ணீர் ஓடுவதை நம் வகுப்பு முழுக்கக் கூட்டிவந்து காட்ட வேண்டும் என்று ஆசை, வேறு காரணமே கிடையாது.

அண்ணனிடம் சொன்னேன். ராத்திரி ஒரு மணி, ஹெட்போன் மாட்டியிருந்தார். கழற்றிவிட்டு முழுசாகக் கேட்டார். "டிஸ்க்கை எடுத்தியாடா?" என்று மட்டும் கேட்டுவிட்டு மறுபடி மாட்டிக்கொண்டார். மூன்று நாள் என்னிடம் கம்ப்யூட்டர் பேச்சே எடுக்கவில்லை.

புதுப் பிளான் ஒரே பக்கம்தான். 7700எக்ஸ் இல்லை, வெறும் 7700. அது அதிகபட்சமே 88 வாட்தான் இழுக்கும், காற்றாடியும் பெட்டியிலேயே கூட வருகிறது. வீடியோ ஏற்றி இறக்க கொஞ்சம் நேரம் கூடும், அண்ணன் பரவாயில்லை என்றார். சூட்டை எங்கே கொண்டுபோவது என்று மண்டையை உடைப்பதற்குப் பதில் 50 வாட்டுக்கு மேல் உண்டாகவே விடாமல் செய்தாயிற்று. பெட்டியின் மேல்பக்கம் இரண்டு ஃபேன், காற்றை மேலே தள்ளுவதற்கு. 4 டி.பி. டிஸ்க் இரண்டு, ஒன்றில் இருப்பது அப்படியே இன்னொன்றிலும் இருக்கும்.

மிச்சப் பணத்தில் சுவரில் ஒரு எக்ஸாஸ்ட் ஃபேன். சூடு அறையை விட்டு வெளியே போக வேறு வழி இல்லை. ஓனரிடம் அண்ணன் பேசிவிட்டார். சனிக்கிழமை நானும் அண்ணனும் ரயிலில் சென்னை ரிச்சி ஸ்ட்ரீட் போகிறோம். ஞாயிற்றுக்கிழமை மேஸ்திரி வந்து சுவரில் ஓட்டை போடுகிறார். கம்ப்யூட்டருக்கு நேர் மேலே என்று நான் பென்சிலால் வட்டம் போட்டு வைத்தேன். அம்மா அதை ஈரத்துணியால் துடைத்துவிட்டு, தையல் மெஷினுக்கு மேலே சாக்பீஸால் போட்டிருக்கிறார்.

— பன்னிரண்டாம் வகுப்பு, கணினி அறிவியல் பிரிவு